வீட்டு மேசையிலிருந்து வானுக்கு

சென்ற வாரம் பழைய நண்பர் ஒருவரின் இல்லத்துக்குப் போயிருந்தேன். வாசற்படி ஏறுமுன்னரே அவர் குறைசொல்லத் தொடங்கிவிட்டார். உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றனவாம். பௌதிகப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய பையன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் விமானம் ஓட்டுகிறானாம். "நீராவது ஒரு வார்த்தை சொல்லும், நான் சொன்னால் கேளான்" என்று வழக்கை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

அறைக்குள் நுழைந்தேன். பையன் முகத்தில் வெற்றிப் பெருமிதம் பொங்கிற்று. "மாமா, பாருங்கோ! புறப்பட்டுப் பதினொரு நிமிஷம்தான். 41,000 அடிக்கு வந்திட்டன்!" என்றான். திரையில் போயிங் 737-800 விமானம் ஒன்று மேகங்களுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. விமானியாக வேண்டுமென்பது அவனது நெடுநாள் ஆசை; அதனை நான் அறிவேன். ஆகவே ஏளனம் செய்ய மனம் வரவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்.

"தம்பி, உம்முடைய விமானத்திலை எத்தினை பேர் இருக்கினம்? எண்ணெய் எவ்வளவு?"

பையன் விழித்தான். "அதைப் பார்க்கேல்லை, மாமா" என்றான்.

பார்த்தோம். பயணிகள் எவரும் இலர். எண்ணெய்த் தாங்கிகளின் அடியில் சிறிதளவே இருந்தது. வெறுமையான 737-800 சுமார் 41 டன் நிறையுள்ளது. புறப்படுகையில் அது கொள்ளத்தக்க உச்ச நிறையோ 79 டன். நம் பையன் ஏறக்குறைய வெறுங்கூட்டையே வானில் ஏற்றியிருக்கிறான்! இந்தச் சிறு நிகழ்ச்சியே இவ்வாரக் கட்டுரைக்கு வித்தாயிற்று. வீட்டுக் கணினியில் ஏறுகின்ற விமானம் மெய்யான விமானத்தைப் போல ஏறுகின்றதா? அதனை நாம் எவ்வாறு அறிவது?

துருத்தியிற் பிறந்த கலை

மெய்யான விமானத்தைப் போலப் பாவனை செய்யும் பொறியைச் சிமியுலேற்றர் என்பர். இதன் வரலாறு கணினிக்கு மிகவும் முற்பட்டது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள பிங்காம்ற்ரன் நகரில் எட்வின் லிங்க் என்பவர் வாழ்ந்தார். அவருடைய தந்தையார் வாத்தியக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். அங்கு பயன்பட்ட காற்றுத் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றவாறு சாய்ந்தும் திரும்பியும் ஆடும் ஒரு பயிற்சிப் பொறியை மகனார் 1929இல் அமைத்தார். முதலில் அதனை வேடிக்கைப் பொருளாகவே பலர் கருதினர். 1934இல் அமெரிக்கத் தரைப்படையின் விமானிகள் தபால்களைச் சுமந்து செல்லப் பணிக்கப்பட்டனர். முகிலிலும் இருளிலும் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பயிலாமையால் அவர்களுட் பலர் மாண்டனர். அதன் பின்னரே படையினர் லிங்கின் பொறிகளை விலைகொடுத்து வாங்கினர். பாவனை பொய்யாயினும் அது தரும் பயிற்சி மெய்யாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை உலகம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

பின்னர், புரூஸ் ஆர்ட்விக் என்னும் அமெரிக்கர் சிறிய கணினிகளுக்கென ஆக்கிய பறப்பு விளையாட்டு, 1982இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் பெயரால் வெளிவந்தது. அன்று திரையில் சில கோடுகளே தெரிந்தன. இன்று மரஞ்செடிகளும் தெருக்களும் தெரிகின்றன. ஆனால், கண்ணுக்கு மெய்யாகத் தோன்றுவது கணக்குக்கும் மெய்யாக இருக்கும் என்று எண்ணுதல் தவறு.

வரவும் செலவும் மிச்சமும்

விமானம் ஏறுவதன் இரகசியத்தை அறியப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். சம்பளம் என்பது எஞ்சின்கள் தரும் உந்துவிசை. அரிசி, பருப்பு, வீட்டு வாடகை முதலிய தவிர்க்கவியலாத செலவு என்பது காற்று விமானத்தைப் பின்னே இழுக்கும் இழுவை. செலவு போக மிஞ்சுவது எதுவோ அதனாற்றான் குடும்பம் முன்னேறும். விமானமும் அம்மிச்சத்தாற்றான் மேலேறும்.

இம்மிச்சத்தை நிறையோடு ஒப்பிட்டால் ஏற்றத்தின் சாய்வு கிடைக்கும். 100 றாத்தல் நிறைக்கு 10 றாத்தல் உந்துவிசை மிச்சமானால், விமானம் 100 அடி முன்னே செல்லுகையில் 10 அடி மேலே செல்லும். ஒரு நொட் வேகம் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 101 அடி. விமானம் காற்றிலே 270 நொட் வேகத்திற் சென்றால் நிமிடத்துக்குச் சுமார் 27,000 அடி முன்னே போகும். ஆகவே சுமார் 2,700 அடி மேலே ஏறும். உயரே சென்றபின் மிச்சம் 100க்கு 2 ஆகக் குறைந்து, வேகம் 450 நொட் ஆக உயர்ந்தால், ஏற்றம் நிமிடத்துக்குச் சுமார் 900 அடியே. வேகம் கூடியும் ஏற்றம் குறைந்துவிட்டதைக் கவனியுங்கள்.

மிச்சம் ஏன் குறைகிறது? கடல்மட்டத்தில் ஒரு கன மீற்றர் காற்று 1.225 கிலோகிராம் நிறையுள்ளது. 35,000 அடி உயரத்தில் அது சுமார் 0.38 கிலோகிராமே, அதாவது மூன்றிலொரு பங்கினும் குறைவு. காற்றை விழுங்கியே ஜெட் எஞ்சின் வாழ்கின்றது. அதனால் அவ்வுயரத்தில் அதன் உந்துவிசை, புறப்படுகையில் இருந்ததில் நாலிலொரு பங்கினும் குறைந்துவிடுகின்றது. ஆனால் விமானத்தின் நிறையோ அவ்வாறு கரைந்துவிடுவதில்லை. அந்நிறையைத் தாங்கிக்கொள்ள இறக்கைகள் படும்பாடும், அதனால் எழும் இழுவையும் பெரிதாகக் குறைவதில்லை. சம்பளம் தேயத் தேயக் குடும்பச் செலவு அப்படியே நிற்கும் வீட்டில் எதனைச் சேமிப்பது? மிச்சம் முற்றும் அற்றுப்போகும் உயரமே அவ்விமானத்தின் கூரை.

இன்னுமொன்று. கையிலுள்ள மிச்சத்தை நகையாகவும் போடலாம், காணியாகவும் வாங்கலாம். ஒரே பணத்தில் இரண்டையும் முழுமையாகச் செய்ய இயலாது. விமானத்துக்கு வேகம் நகை, உயரம் காணி. அமெரிக்கா முதலிய பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நொட்டுக்கு மேற் செல்லலாகாது என்பது விதி. அவ்வுயரத்தைத் தாண்டியதும் விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுகிறார். அவ்வேளையில் ஏற்றம் வெகுவாகக் குறையும். வீட்டுச் சிமியுலேற்றரில் இவ்விடத்தில் வேகமும் கூடி, ஏற்றமும் குறையாதிருக்குமாயின், எங்கோ கள்ளப்பணம் புழங்குகிறது என்று கொள்ளலாம்!

பிழை மூன்று வகை

நண்பரின் மகனுக்கு நான் விதித்த முதல் வேலை, விமானத்தை 70 டன் நிறைக்கு ஏற்றிவிட்டு மறுபடியும் புறப்படுவது. பதினொரு நிமிடம் பதினான்காயிற்று. "இன்னும் விரைவாகத்தான் ஏறுது, மாமா" என்று அவனே ஒப்புக்கொண்டான். 70 டன் நிறையில் 35,000 அடிக்கே ஏறக்குறைய 20 நிமிடம் ஆக வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது பிழை அவன் கையில் இருந்தது. புறப்படும்போது முன்னே தள்ளிய நெம்புகோலை அவன் பின்னிழுக்கவேயில்லை. மெய்யான எஞ்சினிடம் அந்த முழு வேலையை வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் வாங்கலாகாது. தரையை விட்டெழுந்து சிறிது தூரம் சென்றதும் விமானி அதனை ஏற்றத்துக்குரிய அளவுக்குக் குறைத்துவிடுகிறார். வெப்பமும் இவ்வகையிற் சேரும். 15 பாகை வெப்பநிலையையே கணிதர் கடல்மட்டத்துக்குரிய நியம அளவாகக் கொண்டனர். சிமியுலேற்றரில் வானிலையை மாற்றாது விட்டால் பெரும்பாலும் அந்த நியம நாளே கிடைக்கும். கட்டுநாயக்காவின் நண்பகலில் அத்தகைய நாள் ஒருபோதும் விடிவதில்லை. பல எஞ்சின்கள் 30 பாகை வரையிலேயே முழு உந்துவிசையைத் தர வல்லவை; அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் அவற்றின் வரவு சுருங்கிவிடும்.

மூன்றாவது பிழை பொறியினுள்ளேயே இருப்பது. இதுவே கண்டறிதற்கு அரியது. வீட்டுச் சிமியுலேற்றர்கள் இரு வழிகளுள் ஒன்றைப் பின்பற்றுவன. முதலாவது வழியில், இன்ன வேகத்தில் இன்ன தூக்குவிசை, இன்ன இழுவை என்ற அட்டவணைகளை எழுதிவைத்து, கணினி அவற்றைப் பார்த்துக் கணக்கிடும். மற்றது, எக்ஸ்-பிளேன் என்னும் சிமியுலேற்றர் கைக்கொண்ட வழி. இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று என்ன செய்கின்றது என்று கணினியே அந்தந்தக் கணத்திற் கணிக்கும். எவ்வழியாயினும், உயரத்தோடு எஞ்சினின் வலிமை தேய்கின்ற விதம் சரியாக எழுதப்படாவிட்டால் ஏற்றம் பொய்யாகிவிடும். எஞ்சின் செய்வோரின் முழு அட்டவணைகள் பொதுமக்கள் கைக்கு வருவதில்லை. ஆகவே விமானத்தை ஆக்கும் ஆர்வலர் ஊகத்தினால் இடைவெளிகளை நிரப்புகிறார். விரைவாக ஏறும் விமானத்தை எவரும் குறைகூறுவதில்லை. மெதுவாக ஏறுவதையே குறைகூறுவர். அதனால் ஊகங்கள் யாவும் முகத்துதியின் பக்கமே சாய்கின்றன.

நான்கு இரண்டிலும் இளைத்த கதை

ஏற்றத்தின் மெய்யைச் சோதிக்க நம் நாட்டவர் நன்கறிந்த இரு விமானங்களே போதும். 1994இல் எயார்லங்கா சேவையிற் சேர்ந்த எயார்பஸ் ஏ340-300க்கு நான்கு எஞ்சின்கள். பின்னர் நம் விமான சேவையிற் பறந்த ஏ330க்கு இரண்டே. இரண்டும் உடன்பிறப்புகள்; இறக்கையும் உடற்கூடும் பெரும்பாலும் ஒன்றே. நான்கு குதிரை பூட்டிய தேரே விரைந்தேறும் என்று எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. ஏ340-300 மெதுவாக ஏறுவதையிட்டு விமானிகள் சொல்லும் பகடி உலகறிந்தது. அது ஏறுவதில்லையாம், பூமி உருண்டையாதலால் நிலந்தான் கீழே விலகிப் போகின்றதாம்!

காரணத்தைக் கணக்கிலே காண்போம். புறப்படும் வேளையில் ஓர் எஞ்சின் நின்றுவிட்டாலும், சில்லுகளை உள்ளிழுத்தபின், இரட்டை எஞ்சின் விமானம் நூற்றுக்கு 2.4 சாய்வில் ஏற வல்லதாக இருத்தல் வேண்டும் என்பது சர்வதேச விதி. நான்கு எஞ்சின் விமானத்துக்கு நூற்றுக்கு 3. உதாரணமாக, 100 றாத்தல் நிறைக்கு இழுவை 10 றாத்தல் என்று கொள்வோம். இரட்டை விமானத்தின் எஞ்சியிருக்கும் ஓர் எஞ்சினே 12.4 றாத்தல் தர வேண்டும். ஆகவே இரண்டுமாக 24.8. நான்கு எஞ்சின் விமானத்தில் எஞ்சிய மூன்றும் சேர்ந்து 13 றாத்தல் தந்தாற் போதும். ஆகவே நான்குமாக 17 றாத்தலும் சிறிதும். எல்லா எஞ்சின்களும் ஓடும் நன்னாளில் இரட்டை விமானத்திடம் மிச்சம் அதிகம். விதவைத் தாய் ஒருத்தி தனியே குடும்பத்தைத் தாங்குமளவுக்கு உழைக்கப் பழகிய வீட்டில், இருவர் உழைக்கும் நாளில் செல்வம் பெருகுவதைப் போன்றது இது.

மெய்யான எண்களும் இதனையே கூறும். 275 டன் நிறையுள்ள ஏ340-300க்கு நான்கு எஞ்சின்களுமாக 136,000 றாத்தல் உந்துவிசை. 100 றாத்தல் நிறைக்குச் சுமார் 22. 233 டன் நிறையுள்ள ஏ330-300க்கு இரண்டுமாகச் சுமார் 142,000 றாத்தல். 100க்குச் சுமார் 28. உங்கள் சிமியுலேற்றரில் இவ்விரண்டையும் முழு நிறையோடு அடுத்தடுத்து ஏற்றிப் பாருங்கள். தமையனும் தம்பியும் ஒரே வேகத்தில் ஏறினால், பொறி பொய் சொல்லுகின்றது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

"விளையாட்டுத்தானே, இதில் நூறு அடி முன்பின் ஆனால் என்ன?" என்று நண்பர் இடையிற் புகுந்தார். நியாயமான கேள்வியே. ஆனால் விமானக் கம்பனிகள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் பெரிய சிமியுலேற்றர்களிடம் அரசாங்கங்கள் அவ்வாறு தாட்சணியம் காட்டுவதில்லை. மெய்யான விமானத்தைப் பறக்கவிட்டு எடுத்த பதிவோடு பொறியின் ஏற்றத்தை ஒப்பிடுகிறார்கள். ஏற்றவேகத்தில் நூற்றுக்கு 5 அல்லது நிமிடத்துக்கு 100 அடி, பறப்பு வேகத்தில் 3 நொட் என்ற எல்லைக்குள் அது அடங்க வேண்டும். அடங்காவிடின் அப்பொறிக்கு அத்தாட்சி கிடையாது.

இக்கண்டிப்பின் பொருளை உணர்த்த ஒரு துயரக் கதை உண்டு. 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாளிரவு, அமெரிக்காவின் லிற்றில் றொக் நகரிலிருந்து மினியாபொலிஸ் நோக்கிச் சிறிய ஜெட் விமானம் ஒன்று பயணிகளின்றிப் புறப்பட்டது. உள்ளே விமானிகள் இருவர் மட்டும். விமானம் இலேசாக இருந்தது. அதன் உச்ச உயரமாகிய 41,000 அடியை எட்டிப் பார்த்துவிடும் ஆவல் அவர்களுக்கு உண்டாயிற்று. தன்னியக்கக் கருவியிடம் நிமிடத்துக்கு இத்தனை அடி ஏறு என்று கட்டளையிட்டனர். கருவி கீழ்ப்படிந்தது. மிச்சம் தீர்ந்தபின்னும் காணி வாங்கு என்று பணித்தால் நகையை விற்றுத்தானே ஆகவேண்டும்? வேகம் சிறிது சிறிதாகக் கரைந்தது. 41,000 அடியை அடைந்தபோது விமானத்திடம் உயரம் இருந்தது. அதனைத் தாங்கும் வேகம் இல்லை. இறக்கைகள் பிடியிழந்தன. எஞ்சின்கள் இரண்டும் அணைந்தன, மீண்டும் உயிர்பெறவில்லை. ஜெபர்சன் சிற்றி நகரின் அருகே விமானம் வீழ்ந்தது. இருவரும் மாண்டனர். விசாரணை செய்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, விமானிகளின் ஒழுங்கீனத்தைக் கண்டித்ததோடு, பேருயரத்துக்கு ஏறுவது பற்றிய பயிற்சியின் போதாமையையும் ஆராய்ந்தது.

இக்கதையை நான் சொல்லி முடித்தபோது பையன் சிறிது நேரம் பேசவில்லை. அவனுடைய 41,000 அடி அப்போதும் திரையிலே ஒளிர்ந்துகொண்டிருந்தது.

துதிபாடும் ஆசானிடம் பயின்றவன் பரீட்சை மண்டபத்திலே தோற்பான். அத்தோல்விக்கு மறு வருடம் பரிகாரமுண்டு. துதிபாடும் பொறியிடம் பயின்றவன் தோற்கும் இடம் வேறு.

மாணவர்க்கு ஒரு சோதனை

வீட்டில் சிமியுலேற்றர் உள்ள மாணவர்கள் பின்வருமாறு செய்து பார்க்கலாம். விமானத்தின் நிறையை முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். வானிலையை நியம நிலைக்கு மாற்றுங்கள். புறப்பட்டதும் உந்துவிசையை ஏற்றத்துக்குரிய அளவுக்குக் குறையுங்கள். தன்னியக்கக் கருவியிடம் ஏற்றவேகத்தைக் கட்டளையிடாமல், பறப்பு வேகத்தைக் காக்கும்படி பணியுங்கள். மிஞ்சுவது எவ்வளவோ அவ்வளவு தானே ஏறட்டும். ஒவ்வோர் 5,000 அடியைத் தாண்டும் நேரத்தையும் எழுதி, வரைபுத் தாளிற் புள்ளியிட்டு இணையுங்கள். மெய்யான விமானங்கள் தம் உயரத்தை இடையறாது வானொலியிற் பரப்புகின்றன. இணையத்தில் அவற்றை எவரும் காணலாம். அதே இன விமானங்கள் சிலவற்றின் ஏற்றத்தையும் அத்தாளில் வரைந்து ஒப்பிடுங்கள். அவற்றின் நிறை உங்களுக்குத் தெரியாதாகையால் ஒன்றிரண்டோடு நின்றுவிடாது பலவற்றைப் பாருங்கள். கோடு மேலே செல்லச் செல்ல வளைந்து படுக்க வேண்டும். நேராக ஏணிபோல நின்றால் அவ்விமானம் வானில் ஏறியதன்று, கற்பனையில் ஏறியது.

நேற்று மாலை அப்பையன் ஒரு வரைபுத் தாளோடு என் வீட்டுக்கு வந்தான். பழைய விமானத்தைக் கைவிட்டு, அதே 737-800இனைக் கவனமாக ஆக்கிய வேறொன்றைத் தேடிப் பெற்றிருக்கிறான். 35,000 அடிக்கு 20 நிமிடமும் சிறிதும் ஆகியிருந்தது. ஆயினும் முகத்தில் வாட்டம். "இதுவும் பிழை மாமா. 30,000 அடிக்குக் கிட்ட, எஞ்சினைத் தொடாமலே ஏற்றம் திடீரெண்டு கொஞ்சம் கூடுது பாருங்கோ" என்றான்.

தாளைப் பார்த்தேன், உள்ளம் மகிழ்ந்தது. அது பிழையன்று. கீழே விமானம் வேகமானியை ஒரே எண்ணில் வைத்து ஏறுகின்றது. காற்று மெலிய மெலிய அதே எண்ணுக்கு உண்மை வேகம் கூடிக்கொண்டே போகவேண்டும். மிச்சத்தில் ஒரு பங்கு அதற்கே செலவாகின்றது. 30,000 அடியை அண்டியதும் விமானி அவ்வெண்ணை விட்டு, ஒலியின் வேகத்தோடு ஒப்பிடும் மாக் எண்ணைப் பற்றிக்கொள்கிறார். மேலே செல்லக் குளிர் கூடும். குளிரில் ஒலியின் வேகம் குறையும். ஆகவே அதே மாக் எண்ணில் விமானத்தின் உண்மை வேகமும் குறையும். அதுவரை நகைக்குப் போன பணம் இப்போது காணிக்குத் திரும்புகின்றது. ஏற்றம் சற்றே கூடுகின்றது. 36,000 அடிக்கு மேலே குளிர் கூடுவது நின்றுவிடும். அவ்வுதவியும் அத்தோடு நின்றுவிடும்.

மெய்யென்று அவன் கொண்டாடிய ஏற்றம் பொய்யாயிற்று. பொய்யென்று கொண்டுவந்த ஏற்றம் மெய்யாயிற்று. இதனை விளக்கியபோது அவன் கேட்ட அடுத்த கேள்வி, "சக்திக் காப்பு விதி எண்டு புத்தகத்திலை இருக்கிறது இதுதானோ, மாமா?" என்பது.

அதுவேதான் என்றேன். நண்பரின் வழக்கு அத்தோடு முடிந்தது என்று சொல்லமாட்டேன். பரீட்சை இன்னும் இருக்கின்றது. ஆனால் பௌதிகப் புத்தகம் திறந்துவிட்டது என்பதை அவருக்கு இக்கட்டுரை வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.